அந்தோணியாருக்குப் பின்னால் ஒரு விரிசல்

ராயபுரத்தில் ஃப்ரெடிகள் நிறைய உண்டு. கோயிலில் கித்தார் வாசிக்கும் ஃப்ரெடி, ரயில்வே ஃப்ரெடி, துபாய்க்குப் போய் மூன்றே மாதத்தில் திரும்பிவந்தும் துபாய் ஃப்ரெடி என்றே பெயர் நிலைத்துவிட்ட ஃப்ரெடி. இது பிக்கப் ஃப்ரெடியின் கதை.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். விடிந்ததும் ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஐஸ் ஏற்றிக்கொண்டு காசிமேட்டுப் படகுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார். அங்கிருந்து மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், எண்ணூர் மார்க்கெட்டுகளுக்குப் போவார். நல்ல உழைப்பாளி. யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். ஒரே ஒரு குறை, எதையும் அவரால் முடிவு செய்ய முடியாது. டீக்கடையில் டீயா காபியா என்று கேட்டால், "மாஸ்டர் இப்போ இன்னா போட்டுகினு கீறாரு?" என்று திருப்பிக் கேட்பார். முடிவெட்டும் கடையில் மீசையை என்ன செய்யலாம் என்று கேட்டால், பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் கருத்தைக் கேட்பார்.

அவருடைய கல்யாணமே அப்படித்தான் நடந்தது. நாசரேத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம் தேவகிருபையுடையது. சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள்; ஃப்ரெடி கத்தோலிக்கர். அந்தக் கடைக்கு ஃப்ரெடி சோப்பு வாங்க வருவார். வாரத்துக்கு மூன்று சோப்பு. ஒரு மனிதன் இவ்வளவு குளிக்க முடியாது என்று தேவகிருபைக்குத் தெரியாதா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று அவரே கேட்டுவிட்டார். ஃப்ரெடி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று தேவகிருபை சொன்னார். அழைத்துக்கொண்டு வந்தார். இப்போது கடை தேவகிருபையின் கையில் இருக்கிறது. வீடும் அவர் கையில்தான். வண்டி மட்டும் ஃப்ரெடியின் கையில்.

வெள்ளை நிறப் பிக்கப். புதிதாக எடுத்த நாளிலிருந்து அதில் எதையும் மாற்றியதில்லை என்பது ஃப்ரெடியின் பெருமை. "எல்லாமே கம்பெனி ஐட்டம்" என்பார். டயர், பேட்டரி, கிளட்ச், ஸ்டியரிங் உறை, இரண்டு பக்கக் கதவு என்று எத்தனையோ மாறியிருந்தன. அவையெல்லாம் தேய்கிற பொருள், கணக்கில் வராது என்பார். மாறாமல் மிச்சமிருந்த பெரிய பொருள் முன்கண்ணாடிதான். ஆகவே அவருடைய பெருமை முழுவதும் அந்தக் கண்ணாடியில் வந்து நின்றது. மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும். ஏறி உட்கார்கிறவர்களிடம் அதைக் காட்டுவார்.

அந்தக் கண்ணாடியில்தான் கல் அடித்தது.

எண்ணூர் விரைவுச் சாலையில், மீன் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழி. முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று தார்ப்பாய்கூட மூடாமல் போய்க்கொண்டிருந்தது. டப் என்று ஒரு சத்தம். ஃப்ரெடி ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தார். ஓட்டுநர் பக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக, நட்சத்திரம்போல் ஒரு சில்லு தெறித்திருந்தது. விரலால் தடவினார். எச்சில் தொட்டும் தடவிப் பார்த்தார். போகவில்லை.

எம்.கே.பி. நகரில் மஜீது என்பவர் வண்டிக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஃப்ரெடியைவிட இளையவர், நிதானமாகப் பேசுகிறவர். வண்டியைப் பார்த்ததும் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு தாள் வைத்து ஒட்டியது. அடி வெளிக் கண்ணாடியோடு நின்றிருக்கிறது. ஓட்டைக்குள் பசையை ஏற்றி லைட் அடித்து இறுக வைத்துவிடலாம். சின்னதாக ஒரு தழும்பு தெரியும், அவ்வளவுதான். ஆனால் தூசியும் தண்ணீரும் உள்ளே போவதற்குமுன் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் விரிசல் ஓடும். ஓடிவிட்டால் பிறகு மாற்றத்தான் வேண்டும்.

"இப்போவே போட்டுடவா?" என்றார் மஜீது.

ஃப்ரெடி கண்ணாடியைப் பார்த்தார். மஜீதைப் பார்த்தார். "தழும்பு தெரியும்ன்றியே."

"அப்போ மாத்திடலாம், நைனா. புதுசு போட்டா தழும்பு இல்ல."

"மாத்துனா கம்பெனி கண்ணாடி பூடுமே."

மஜீது சிரித்துக்கொண்டு, சில்லின்மேல் ஒரு டேப்பை ஒட்டி, நாளைக்குள் முடிவு செய்துகொண்டு வரச் சொன்னார். வெயிலில் சூடான கண்ணாடிமேல் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

ஃப்ரெடியிடம் நாளைக்குள் என்று சொல்வது, கடலிடம் கொஞ்சம் தள்ளி நில் என்று சொல்வதுபோல. அவர் கருத்துக் கேட்கத் தொடங்கினார். லோடு வேன் ஓட்டும் அவருடைய நண்பர் பெனிட்டோ, கண்ணாடி என்றால் விரிசல் இருக்கத்தான் செய்யும், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றார். ஐஸ் கம்பெனி வாட்ச்மேன், ஒட்டுப் போடுவது அபசகுனம், மாற்றிவிடு என்றார். படகில் வலை தைப்பவர், வண்டியையே மாற்றிவிடு என்றார். எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே ஃப்ரெடிக்குப் பட்டது. அதுதான் அவருடைய கஷ்டம். யாரிடம் கேட்டாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும்.

தேவகிருபையிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டால் முடிவு வந்துவிடும்.

வழக்கமாக வண்டியைக் கடைக்கு எதிரே முகம் தெரிய நிறுத்துவார். அன்றிலிருந்து பின்பக்கம் தெரிய நிறுத்தினார்.

நான்கைந்து நாள் கழித்து, நல்ல வெயில் நேரம். காசிமேட்டில் ஐஸ் இறக்கிவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கக் காக்கை எச்சம். அழுக்கைப் பொறுக்காத மனிதர். வண்டித் தொட்டியின் அடியில் ஐஸ் உருகிய தண்ணீர் இருந்தது. ஒரு வாளி மொண்டு கண்ணாடிமேல் வீசினார். வீசுகிறபோதே மஜீது சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் தண்ணீர் கையைவிட்டுப் போய்விட்டது. கீச் என்று ஒரு மெல்லிய சத்தம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நட்சத்திரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, யாரோ உள்ளே இருந்து பென்சிலால் இழுப்பதுபோல மெதுவாக வளைந்து, ஓட்டுநர் பக்கம் ஒரு முழம் ஓடி நின்றது.

ஃப்ரெடி காலி வாளியுடன் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மஜீதிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வார் என்று தெரியும். கோயில் வாசலில் படம் விற்கும் கடைக்குப் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்தோணியார் ஸ்டிக்கர் வாங்கினார். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார். அதை நட்சத்திரத்தின்மேல் ஒட்டினார். உள்ளே இருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரியவில்லை. மனம் லேசானது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். ஃப்ரெடிக்காக ஒன்றைக் காணாமல் ஆக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டார்.

விரிசல் அந்தோணியாருக்குக் கட்டுப்படவில்லை. எண்ணூர்ச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விரற்கடை நீண்டது. வேளாங்கண்ணி மாதா வந்தார். பிறகு வாளும் தராசும் ஏந்திய தேவதூதர் மிக்கேல் சம்மனசு வந்தார். கடைசியில் நீளவாக்கில், 'இயேசுவே எங்கள் வழி' என்ற எழுத்து ஸ்டிக்கரும் வந்தது. அதற்குப் பிறகு வழி தெரிவதுதான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. ஃப்ரெடி இடது பக்கம் தலையைச் சாய்த்து, மாதாவுக்கும் சம்மனசுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் பார்த்து ஓட்டப் பழகிக்கொண்டார்.

ஊரில் நல்ல பெயர் வந்தது. பிக்கப் ஃப்ரெடிக்குப் பக்தி வந்துவிட்டது என்றார்கள். பங்குச் சாமியார் வண்டியைப் பார்த்துவிட்டு, பவனிக்கு மாதா சுரூபத்தை இந்த வண்டியிலேயே வைக்கலாமா என்று கேட்டார். ஃப்ரெடி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

தேவகிருபைக்குத்தான் இது பிடிபடவில்லை. அவர் சபையில் படம் வைக்கும் வழக்கமில்லை. கல்யாணத்தின்போது, உங்கள் கோயிலுக்கு நீங்கள், எங்கள் கோயிலுக்கு நான் என்று பேசிக்கொண்டதுதான். இத்தனை வருடத்தில் ஞாயிறு பூசைக்கே எழுப்பிவிட வேண்டியிருந்த மனிதருக்குத் திடீரென்று இவ்வளவு புனிதர்கள் எதற்கு? கடை வாசலில் நின்று பார்த்தால் வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஒருநாள் கேட்டார். மனசு ஒருமாதிரி இருக்கிறது என்றார் ஃப்ரெடி. அது பொய்யும் இல்லை. தேவகிருபை அன்றைக்கு மீன்குழம்பு வைத்துக்கொடுத்து, கூடவே ஒரு ஜெபமும் பண்ணினார். ஃப்ரெடிக்குக் குழம்பு இறங்கவில்லை.

காசிமேட்டுக்குத் திரும்பும் தெரு கிழக்கே பார்த்தது. காலையில் அந்தத் தெருவில் நுழைந்தால் சூரியன் நேரே கண்ணாடியில் வந்து உட்காரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐஸ் ஏற்றிக்கொண்டு ஃப்ரெடி அந்தத் திருப்பத்தில் திரும்பினார். வெயில் விரிசலில் பட்டதும் கண்ணாடி முழுவதும் ஒளி பட்டாசு வெடித்ததுபோல் சிதறியது. ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தார். ஐஸ் பாளங்கள் பின்னாலிருந்து முன்னால் வந்து மோதின. கூடவே வெளியே ஒரு அலுமினியப் பாத்திரம் உருளுகிற சத்தம்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வண்டியின் பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில், மணைக்கட்டையில் உட்கார்ந்தபடியே, அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் வியாகுலம்மாள். அந்த மூலையில் வருடக்கணக்காக மீன் விற்பவர். ஒரு கீறல் இல்லை. நண்டு வைத்திருந்த அண்டாதான் கவிழ்ந்திருந்தது. நண்டுகள் கிடைத்த சுதந்திரத்தை வீணாக்காமல் வண்டிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தன.

வியாகுலம்மாளுக்கு வாய் எப்போதும் தயாராக இருக்கும் என்று காசிமேடே அறியும். ஆனால் அன்றைக்கு அவர் கத்தவில்லை. எழுந்து வந்து, கண்ணாடியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். மிக்கேல் சம்மனசின் காலடியில் ஓடிய விரிசலைக் கண்டுபிடித்து விரலால் தொடர்ந்துபோனார்.

"அந்தோணியாரு கீறாரு. மாதா கீறாங்கோ. சம்மனசு கத்தியோட கீறாரு. இத்தினி பேரும் கீறாங்கோ, நைனா. ரோட்டுல குந்திகினு கீற நான் மட்டும் உன் கண்ணுக்குத் தெரில."

நண்டைப் பொறுக்கு என்று வியாகுலம்மாள் சொன்னார். ஃப்ரெடி வண்டிக்கு அடியில் படுத்துப் பொறுக்கினார். ஒரு பெரிய நீலக்கால் நண்டு அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் வலியோடு கொஞ்சம் சிரித்தார். ஆனால் எழுந்து நின்றபோது பம்பருக்கும் அந்த மணைக்கட்டைக்கும் நடுவிலிருந்த ஒரு சாண் இடம் அவர் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. ஐஸை இறக்கிவிட்டு, தெரு முழுவதும் வண்டியை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவருக்குமுன் செய்தி போயிருந்தது. வியாகுலம்மாள் அரிசி வாங்குவது தேவகிருபையின் கடையில்தான். அவர் போன் போட்டு, உன் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாராம். மிச்சத்தைத் தேவகிருபை கேட்டுத் தெரிந்துகொண்டார். கடையிலிருந்து இறங்கிவந்து, முதல் தடவையாக வண்டியின் முன்னால் நின்றார். நகத்தால் மாதாவின் ஓரத்தைக் கிள்ளி மெதுவாக உரித்தார். பிறகு சம்மனசு. பிறகு அந்தோணியார், கடைசியில் எழுத்து ஸ்டிக்கர். எதையும் கசக்கவில்லை. வேறு சபை என்றாலும் மரியாதை உண்டு. ஒரு பழைய காலண்டர் அட்டையில் வரிசையாக ஒட்டிவைத்தார். கண்ணாடியில் விரிசல் முழுதாகத் தெரிந்தது.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். "சாயங்காலம் வண்டி மஜீது கடையில நிக்கணும். யோசிக்கணும்னு மட்டும் சொல்லிராதீய."

ஃப்ரெடி சொல்லவில்லை.

மஜீது திட்டவில்லை. திட்டாததுதான் ஃப்ரெடிக்கு ரொம்ப வலித்தது. பழைய வண்டியாதலால் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பட்டை பிடித்திருந்தது. அதை அறுத்து, உள்ளே இருந்து இரண்டு காலால் மெதுவாகத் தள்ளிக் கண்ணாடியை வெளியே எடுத்தார்கள். கம்பெனி முத்திரை கவிழ்ந்து போனதை ஃப்ரெடி எட்ட நின்று பார்த்தார். அப்புறம் மஜீது அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். ரப்பர் இருந்த இடத்தில், கீழ்ச் சட்டம் முழுவதும் துரு. இத்தனை வருட ஐஸ் தண்ணீரும் உப்புக் காற்றும் அங்கேதான் உட்கார்ந்து தின்றிருக்கின்றன. மஜீது ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாகத் தட்டினார். அது உள்ளே போய்விட்டது.

இந்தச் சட்டத்தில் எந்தக் கண்ணாடியும் நிற்காது, முதலில் இதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், பசை ஏற்றியிருந்தால்கூட இன்னொரு மழைக்காலம் தாங்கியிருக்காது என்றார். ஃப்ரெடி கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாளே மாற்றியிருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும். பசையேற்றியிருந்தால் தெரிந்திருக்காது. அப்படியானால் எது சரியான முடிவு என்று மஜீதிடம் கேட்டார். மஜீது டிங்கர் வேலைக்காரருக்குப் போன் செய்யப் போய்விட்டார்.

வண்டி இல்லாத ஒரு வாரம் பெனிட்டோ தன் வேனில் ஐஸ் எடுத்தார். ஃப்ரெடி கடையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். துவரம்பருப்பு கேட்டால் கடலைப்பருப்பு கட்டினார். தேவகிருபை இதை மனதில் குறித்துக்கொண்டார்.

கண்ணாடி மாட்டுகிற அன்று ஃப்ரெடி காலையிலேயே எம்.கே.பி. நகர் போய்விட்டார். புதுத் தகட்டுக்குத் துருப்பிடிக்காத பெயிண்ட் அடித்திருந்தார்கள். புதுக் கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் பூட்டி, ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் செருகி, கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து ஒருவர் வெளியே இருந்து அழுத்த, மஜீது உள்ளே இருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். ரப்பர் உதடு சட்டத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே வந்தது. கயிறு முழுவதும் வெளியே வந்தபோது கண்ணாடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மஜீது தண்ணீர் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஃப்ரெடி ஏறி உட்கார்ந்தார். எதிரே பார்த்தார். முகம் மாறியது.

"இன்னா மஜீது, பழைய கண்ணாடியா போட்டுக் குடுத்துட்ட? பனி மூடுன மாதிரி கீது."

மஜீது துணியால் துடைத்தார். அப்படியே இருக்கிறது என்றார் ஃப்ரெடி. தாள் போட்டுத் துடைத்தார். உள்பக்கம் துடைத்தார். பேக்கிங் அட்டையை எடுத்துவந்து காட்டினார். இரண்டு தலைமுறையாகத் தொழில் செய்கிற குடும்பம், வாழ்க்கையில் முதல்முறையாக மஜீதுக்குக் கோபம் வந்தது. ஃப்ரெடிக்கும் வந்தது. இவருடைய நிதானமும் அவருடைய சாந்தமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போய்விட்டதைப் பார்த்து, பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். கடைசியில் மஜீது தேவகிருபைக்குப் போன் செய்தார்.

தேவகிருபை கடையை அடைத்துவிட்டு ஆட்டோவில் வந்தார். ஃப்ரெடியை இறங்கச் சொல்லி ஓட்டுநர் இருக்கையில் தான் ஏறி உட்கார்ந்தார். எதிர்ச் சாரியில், ரோட்டுக்கு அப்பால், ஒரு ட்யூஷன் சென்டரின் போர்டு தொங்கியது. அதில் எழுதியிருந்ததை எல்லாம் வாசித்தார். எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, என்ன பாடம், அடியில் பொடி எழுத்தில் இருந்த போன் நம்பர் வரை வாசித்தார். பிறகு இறங்கி, ஃப்ரெடியை ஏறச் சொல்லி, நீங்கள் வாசியுங்கள் என்றார்.

ஃப்ரெடி பார்த்தார். "போர்டு எங்க கீது?" என்றார்.

பஞ்சர் கடைக்காரர் மெல்ல நழுவினார். மஜீது குனிந்து, தரையில் கிடந்த கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். தேவகிருபை புருஷனை இறக்கி, தான் வந்த ஆட்டோவிலேயே ஏற்றி, கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வண்டி இரண்டு நாள் இங்கேயே நிற்கட்டும் என்று மஜீதிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. வருடக்கணக்காக இருந்திருக்கும், எப்படிக் கவனிக்காமல் இருந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பழைய கண்ணாடி வைப்பர் தேய்த்து மங்கியிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்ததாக ஃப்ரெடி சொன்னார். எந்தக் கண்ணாடி என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஃப்ரெடி விளக்கவும் இல்லை. சொட்டு மருந்து போட்டுச் சரிபண்ண முடியாதா என்று கேட்டார். முடியாது, முதலில் வலது கண்ணிலும் பிறகு இடது கண்ணிலும் உள்ளே இருக்கிற லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஃப்ரெடி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்த ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வச்சிக்கிடலாம், டாக்டர்" என்றார் தேவகிருபை.

அறுவைச் சிகிச்சை டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது என்று ஃப்ரெடி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லுவார். ஆனால் அதற்கு முந்தைய இரவு அவர் தூங்கவில்லை என்பதும், அந்தோணியாரை ஒட்டிய காலண்டர் அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார் என்பதும் தேவகிருபைக்குத் தெரியும். அவரும் தூங்கவில்லை.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று ஃப்ரெடி தெருவையே புதிதாகப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவர் பச்சை என்று நினைத்திருந்தார், அது நீலம். மஜீது கொண்டுவந்து நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். கதவுக்குக் கதவு வேறு வெள்ளை. பக்கவாட்டில் எல்லாம் ஒடுக்கு. சக்கரத்துக்கு மேலே துரு பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. யார் என் வண்டியை இப்படி ஆக்கியது என்று பெனிட்டோவிடம் கோபித்துக்கொண்டார். ஐந்தாறு வருடமாக இப்படித்தான் இருக்கிறது என்று பெனிட்டோ சொன்னதை அவர் நம்பவே இல்லை.

பிறகு வீட்டுக்குள் வந்து, விளக்கின் கீழே பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த தேவகிருபையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இவ்ளோ நரை எப்போ வந்துச்சு உனுக்கு?"

"நீங்க பாக்காத நேரத்துலதான்" என்றார் தேவகிருபை, மடிப்பதை நிறுத்தாமல்.

இடது கண்ணுக்கும் செய்து முடித்தபின் ஃப்ரெடி மாறிவிட்டார் என்று சொல்ல வேண்டும். தன் காரியத்தில் இல்லை. டீயா காபியா என்பதில் இன்றும் மாஸ்டர்தான் கதி. ஆனால் மற்றவர்கள் கண்ணைப்பற்றி முடிவு செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஐஸ் கம்பெனி வாட்ச்மேனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பெனிட்டோவை இழுத்துக்கொண்டு போய்க் மூக்குக்கண்ணாடி வாங்கவைத்தார். யாராவது ஒரு ரசீதைத் தள்ளிப் பிடித்துப் படித்தால் போதும், பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

அடுத்தபடியாக அவர் பார்வை வியாகுலம்மாள்மேல் விழுந்தது. ஒருநாள் சங்கரா மீன் கேட்டால் அவர் நெத்திலியை அள்ளினார். அது ஃப்ரெடிக்குப் போதுமானதாக இருந்தது. தினம் காலையில் ஐஸ் இறக்கிவிட்டு வந்து அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, புரை என்றால் என்ன, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும், மூடுவது நமக்கே எப்படித் தெரியாது என்று எடுத்துச் சொன்னார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏதோ ஞாபகத்தில் அள்ளிவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை என்றார் வியாகுலம்மாள். எனக்கும் ஒன்றுமில்லை என்றுதான் நானும் இருந்தேன் என்றார் ஃப்ரெடி. இந்தப் பேஜாருக்கு ஆஸ்பத்திரியே மேல் என்று ஒருநாள் வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, அவர் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகைக்குப் பதிலாகப் படம்போட்ட பலகை வைத்துப் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் வியாகுலம்மாள் சொன்னார். இந்த வயசில் இப்படி ஒரு பார்வையை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன், மருந்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். ஃப்ரெடி இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும் வழியில் வியாகுலம்மாள் காற்று வாங்கிக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்து வந்தார். கடற்கரைச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்புவதற்காக வண்டிகள் நின்றன. வலது பக்கம் கடல். தூரத்தில் துறைமுகத்துக்குள் நுழைய முறை வராமல் நான்கைந்து கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன.

"அந்தக் கறுப்புக் கப்பலு கீது பாரு" என்றார் வியாகுலம்மாள். "மேல கயிறு கட்டித் துணி காயப்போட்டுகினு கீறாங்கோ. ஒரு செவப்பு பனியன். தெரிதா?"

ஃப்ரெடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கப்பல் தெரிந்தது. அது கறுப்பு என்பதும் தெரிந்தது. கயிறும் தெரியவில்லை, பனியனும் தெரியவில்லை.

"தெரிது, தெரிது" என்றார். "செவப்பு பனியன்."

முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. அவர் கியரைப் போட்டார்.